ஊட்டியிலிருந்து சேவை ஏற்றுமதி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நீலகிரியில் ஏற்றுமதி என்றாலே தேயிலைதான் பேச்சு. குன்னூரில் 1963 முதல் ஏலம் நடப்பதால் அதன் நடைமுறை பலருக்கும் அத்துப்படி. ஆனால் ஊட்டியில் வீட்டிலிருந்தே லண்டன் கம்பெனிக்குக் கணக்கு எழுதுபவரும், கோத்தகிரியிலிருந்து வெப்சைட் வடிவமைப்பவரும், குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்துபவரும் காதில் விழுந்ததை நம்பித்தான் தொழில் செய்கிறார்கள். அதனால் கைப்பணம் போகிறது.

நம்பிக்கை: டாலரில் பணம் வந்தால் அது ஏற்றுமதி, ஜிஎஸ்டி கிடையாது.

உண்மை: இதுதான் அதிகம் ஏமாற்றும் நம்பிக்கை. 2017-ஆம் ஆண்டின் ஐஜிஎஸ்டி சட்டம் சேவை ஏற்றுமதிக்கு ஐந்து நிபந்தனைகள் வைக்கிறது. சேவை தருபவர் இந்தியாவில் இருக்க வேண்டும். பெறுபவர் வெளிநாட்டில் இருக்க வேண்டும். 'பிளேஸ் ஆஃப் சப்ளை' எனப்படும் சேவை வழங்கும் இடமும் வெளிநாடாக இருக்க வேண்டும். பணம் அந்நியச் செலாவணியில், அல்லது ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் இடத்தில் ரூபாயில் வர வேண்டும். இருவரும் ஒரே நிறுவனத்தின் கிளைகளாக இருக்கக் கூடாது.

மூன்றாவது நிபந்தனையில்தான் ஹோம்ஸ்டேக்காரர் மாட்டிக்கொள்கிறார். ஜெர்மனிக்காரர் யூரோவில் கட்டினாலும் அறை இருப்பது குன்னூரில். எனவே சேவை வழங்கும் இடமும் குன்னூர்தான். விருந்தினரைத் தேயிலைத் தோட்டத்துக்குள் நடத்திக் கூட்டிப்போகும் வழிகாட்டிக்கும் இதே கதி. உலக வர்த்தக அமைப்பின் 1995-ஆம் ஆண்டு சேவை ஒப்பந்தம், வெளிநாட்டார் இங்கு வந்து சேவை பெறுவதையும் ஏற்றுமதியின் ஒரு வகையாக ஏற்கிறது. வரிச் சட்டம் ஏற்பதில்லை. அதே ஹோம்ஸ்டேக்காரரின் மகள் ஜெர்மனியிலுள்ள ஓட்டலுக்கு வெப்சைட் செய்து கொடுத்து, பணமும் முறையாக வந்தால், அது ஏற்றுமதி, வரி பூஜ்யம். ஒரே வீடு, ஒரே நாட்டு வாடிக்கையாளர், இரண்டு வேறு கணக்குகள்.

நம்பிக்கை: ஜிஎஸ்டி பதிவும் ஐஇசி எனப்படும் ஏற்றுமதி-இறக்குமதி எண்ணும் வாங்காமல் வெளிநாட்டு வேலையைத் தொடவே கூடாது.

உண்மை: உள்நாடு, வெளிநாடு இரண்டும் சேர்த்து ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்தவர், ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஜிஎஸ்டி தளத்தில் எல்யூடி எனப்படும் உறுதிமொழிக் கடிதத்தைப் பதிந்துவிட்டால், வரி கட்டாமலேயே பில் போடலாம், கட்டணம் கிடையாது. ஐஇசி, வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் சலுகைகளைக் கேட்கும் சேவை நிறுவனத்துக்கு மட்டுமே கட்டாயம். அதற்கான கட்டணமும் 500 ரூபாய்தான். இதற்காக ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள்.

நம்பிக்கை: பணத்தைத் துபாயில் இருக்கும் அண்ணன் கணக்கில் போடச் சொல்லி, பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

உண்மை: வேண்டவே வேண்டாம். அண்ணன் அனுப்பும் பணம் குடும்பச் செலவுக்கான தொகை என்றே வங்கியில் பதிவாகும். பின்னாளில் அது ஏற்றுமதி வருமானம் என்று நிரூபிக்க உங்களிடம் தாள் இருக்காது. வாடிக்கையாளரே உங்கள் தொழில் கணக்குக்கு அனுப்பட்டும். பணம் எதற்காக வருகிறது என்பதைக் காட்ட வங்கி கேட்கும் 'பர்ப்பஸ் கோட்' எண்ணைச் சரியாகச் சொல்லி, வரவுச் சான்றை வாங்கி பில்லோடு சேர்த்து வையுங்கள்.

நம்பிக்கை: வெளிநாட்டில் ஆபீஸ் இல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

உண்மை: எல்லை தாண்டி இணையத்தில் அனுப்பும் கணக்கு, வடிவமைப்பு வேலைகளுக்குப் பொதுவாக அங்கே கம்பெனி தேவையில்லை. தெளிவான ஒப்பந்தம்தான் தேவை: என்ன வேலை, எந்த நாணயம், எத்தனை நாளில் பணம், அந்நாட்டில் வரி பிடித்தால் அதன் சான்று யார் தருவது. அந்தச் சான்று கையில் இருந்தால், இரட்டை வரி ஒப்பந்தம் உள்ள நாடுகளில் பிடித்த வரியை இங்குள்ள வருமான வரியில் கழிக்கக் கேட்கலாம்.

ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு இன்னொன்று. வெளிநாட்டு விருந்தினர் வந்து 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைக் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் பதிய வேண்டும். ஓர் அறை மட்டுமே வாடகைக்கு விட்டாலும் இந்த விதி உண்டு.

அடுத்த வெளிநாட்டு பில்லை எழுதும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வேலைக்குச் சேவை வழங்கும் இடம் எது?