செவிவழி வந்த மொழி

மொழி முதற்கண் செவிக்குரியது, பின்னரே கண்ணுக்குரியது. தாய்மடியில் கிடக்கும் குழவி எழுத்தறியாது; எனினும் கேட்டுக் கேட்டே பேசப் பயில்கிறது. வளர்ந்தபின் வேற்றுமொழி கற்கப் புகுவோர் இவ்வியற்கை நெறியை மறந்து நூலை மட்டுமே பற்றுவர். அதனால், ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதும் மாணவரும் பிறர் அதனைப் பேசக் கேட்குங்கால் பொருள் விளங்காது மருளுதல் உண்டு. இவ்விடரை வென்ற ஒருவரின் வரலாறு தூத்துக்குடியை அடுத்த முத்துக்குளித்துறையில் நிகழ்ந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் அக்கடற்கரைக்குப் போர்த்துக்கீசியர் வந்தனர். 1542-ஆம் ஆண்டில் அங்கு வந்த சவேரியார், இருமொழியும் அறிந்தோர் துணையால் வழிபாட்டு உரைகளைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். கைமணி ஒலித்துச் சிறுவரைத் திரட்டி, அவற்றைச் சொல்லிக் கொடுத்தார். ஆயினும் மனப்பாடம் வேறு, கேட்டுணர்தல் வேறு. மொழிபெயர்ப்பாளர் இன்றித் தனித்திருந்த காலத்தில், மக்கள் பேச்சு தமக்கும், தம் பேச்சு மக்களுக்கும் விளங்காத துன்பத்தினை 1544-இல் அவர் மடல் ஒன்றில் எழுதினார்.

அவருக்குப்பின் வந்தவர் என்றீக்கு என்றீக்கசு அடிகளார். போர்த்துக்கல் நாட்டில் 1520-இல் பிறந்த இவர், 1546-இல் இந்தியா வந்தார். பிறர் வாயிலாகப் பேசின் கருத்துத் திரியும் என்பதை உணர்ந்து, தாமே தமிழ் கற்கத் துணிந்தார். நாள்தோறும் பயின்று, சில திங்களிலேயே துணையின்றிப் பேசவும் கேட்டுணரவும் வல்லராயினார். அறிந்தவற்றை இலத்தீன் இலக்கண முறையை ஒட்டி வகுத்துத் தமிழ் இலக்கணம் ஒன்றும் இயற்றினார்.

இஃது எளிய செயலன்று. கடல், படகு, சங்கு என்னும் மூன்று சொற்களை ஒலித்துப் பாருங்கள். மூன்றிலும் ககர இனத்தெழுத்து ஒன்றே வருகிறது. ஒலியோ இடத்திற்கேற்ப மாறுகிறது. இவ்வேறுபாட்டை ஏடு காட்டாது, செவியே காட்டும். ஆங்கிலமும் அத்தகையதே. தீவினைக் குறிக்கும் 'ஐலண்டு' என்னும் சொல்லில் 'எஸ்' என்னும் எழுத்து எழுதப்படும், ஒலிக்கப்படாது. எழுத்தை மட்டும் நம்பியவன் அச்சொல்லைக் கேட்கும்போது அறியாது திகைப்பான்.

செவியால் பெற்ற தமிழை அடிகளார் அச்சிலேற்றினார். 1578-இல் கொல்லத்தில், 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களில் வெளிவந்தது. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் அதுவே தொன்மையானது. அச்சுப்பணிக்கு முத்துக்குளித்துறை மக்கள் பொருளுதவி புரிந்தனர். 1586-இல் 'அடியார் வரலாறு' வெளிவந்தது. அஃது அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல்; திருத்தொண்டர் பலரின் வரலாறுகளைத் தனித்தனியே கூறுவது. எழுத்தறிந்தவர் ஒருவர் படிக்க, மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்டற்கு ஏற்றது. அடிகளார் 1600-ஆம் ஆண்டில் மறைந்தார்.

காலப்போக்கில் இந்நூல்கள் தாய்நாட்டில் மறைந்தன. ஆயினும் அயல்நாட்டு நூலகங்கள் அவற்றைக் காத்தன. தம்பிரான் வணக்கம் ஆர்வர்டு பல்கலைக்கழகத்திலும், அடியார் வரலாறு வத்திக்கன் நூலகத்திலும், இலக்கணக் கையெழுத்துப்படி இலிசுபனிலும் உள்ளன. தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவிய தனிநாயக அடிகள், 1950-களில் ஐரோப்பிய நூலகங்களில் இத்தகைய பழந்தமிழ் அச்சு நூல்களை ஆராய்ந்து உலகறியச் செய்தார். 1967-இல் அடியார் வரலாறு, இராசமாணிக்க அடிகளின் பதிப்பாகத் தூத்துக்குடியில் மீண்டும் வெளிவந்தது. ஒலி காற்றோடு போம். நூலகமோ அதனை நூற்றாண்டுகள் கடந்தும் காக்கும்.

ஆங்கிலம் பயிலும் மாணவர் இவ்வரலாற்றினின்று ஒரு நெறியைக் கொள்ளலாம். நூலகத்தில் எளிய சிறுகதை ஒன்றைத் தேர்க. ஆசிரியரோ தோழரோ அதனை உரக்கப் படிக்க, நூலை நோக்காது கேட்க. முதன்முறை கதைப்போக்கை மட்டும் உணர்க. இரண்டாம் முறை யார், எங்கு, ஏன் என்னும் வினாக்களுக்கு விடை தேடுக. பின்னர் அக்கதையைத் தம் சொற்களில் கூறுக. இறுதியில் நூலைத் திறந்து, செவி தவறவிட்ட சொற்களைக் கண்டு குறித்துக்கொள்க. ஒரு சொல் விளங்காவிடின் அங்கேயே நின்றுவிடலாகாது. அடுத்த தொடர் அதன் பொருளை விளக்குதலும் கூடும்.

முத்துக் குளிப்போன் முதல் மூழ்கிலேயே முத்தெடுத்து மீள்வான் என்பதற்கு உறுதியில்லை. எடுத்த சிப்பிகளுள்ளும் பல வெறுமையாகவே இருக்கும். எனினும் அவன் மீண்டும் மூழ்குகிறான். கேட்டுப் பழகுதலும் அத்தகையதே.