பழகிய கப்பலை விட்டு வேறு கப்பல்: அண்ணன் மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

அண்ணன், அண்ணியின் நாற்பதாவது திருமண நாளுக்கு அவர்களையும் பிள்ளைகளையும் அலாஸ்காவுக்குக் கப்பலில் கூட்டிப்போகப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அப்பா ஹாலந்து அமெரிக்காவைத் தவிர வேறு எதிலும் ஏற மறுக்கிறார், மாப்பிள்ளை பிள்ளைகளுக்காக ராயல் கரீபியன் என்கிறார், அம்மா எதுவும் சொல்லாமல் இருக்கிறார், எந்த நிறுவனம் நல்லது என்று சொல்லுங்கள் சித்தப்பா என்று கேட்டிருக்கிறாய். வான்கூவரில் இத்தனை வருடம் இருந்து இந்தக் கப்பல்களில் போய்வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எந்த நிறுவனம் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வை. எந்தக் கப்பல், எந்த வாரம், எந்தத் துறைமுகத்திலிருந்து, எந்த வழியாகப் போகிறது என்று கேள். ஹாலந்து அமெரிக்காவையே எடுத்துக்கொள். 2000இல் வந்த ஸாண்டாமில் சுமார் 1,430 பயணிகள். 2016இல் வந்த கோனிங்ஸ்டாமில் 2,650 பேர். பெயர்ப்பலகை ஒன்றுதான், ஆனால் உள்ளே போனால் இரண்டும் வேறு வேறு ஊர். அண்ணன் மனதில் இருப்பது அந்தச் சிறிய கப்பல். நீ அதே நிறுவனம்தானே என்று பெரியதில் டிக்கெட் எடுத்தால், மாற்றம் வேண்டாம் என்றவரை நீயே மாற்றியதாகிவிடும்.

அதனால் விலை பார்ப்பதற்கு முன்னால் அண்ணனிடமும் அண்ணியிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசு. போன பயணங்களில் எதை நினைத்தால் இன்னும் சந்தோஷமாக இருக்கிறது என்று கேள். எனக்குத் தெரிந்தவரை அண்ணனுக்குக் காலையில் கப்பலைச் சுற்றி நடக்க வேண்டும். ஹாலந்து அமெரிக்கா கப்பல்களில் முன்னிருந்து பின்வரை சுற்றிவரும் திறந்த நடைதளம் உண்டு. பல புதிய கப்பல்களில் அப்படி முழுச் சுற்று கிடையாது. எல்லா நிறுவனங்களும் தளப்படத்தை வெளியிடுகின்றன, திறந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரவு உணவு குறித்த நேரத்தில், அதே மேசையில், அதே பரிமாறுபவர் கையால் வர வேண்டும் என்பதும் அவர் ஆசை. நார்வீஜியன் நிறுவனம் 2000இல் அந்தக் குறித்த நேர முறையையே எடுத்துவிட்டது. விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்தில் சாப்பிடலாம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது வசதி, அண்ணனுக்கு அது அலைச்சல். அண்ணிக்கு வேண்டியது வேறு: குளிர்காற்று படாமல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கடலைப் பார்க்க ஒரு நாற்காலி, கப்பல் அதிகம் ஆடாத வழி. அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார், அதனால் நீதான் கேட்க வேண்டும். இப்படி ஆளுக்கு இரண்டு மூன்று விஷயம் கிடைத்தால் ஒரு தாளில் எழுதிவை, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் எந்தக் கப்பலையும் பார்க்க வேண்டும்.

அண்ணன் மாற மறுப்பதற்கு இன்னொரு காரணம் அவர் சேர்த்துவைத்திருக்கும் நாட்கணக்கு. ஹாலந்து அமெரிக்காவில் 200 நாள் சேர்ந்தால் நான்கு நட்சத்திரம், அதற்கு மேல் துணி வெளுக்கக் கட்டணமில்லை. ராயல் கரீபியனில் ஒரு இரவுக்கு ஒரு புள்ளி, 80 சேர்ந்தால் டயமண்ட். வருடக்கணக்காகச் சேர்த்ததை விட்டுப்போக யாருக்கும் மனம் வராது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அந்த மரியாதை அவர் சம்பாதித்தது. ஆனால் இந்த ஏழு நாளில் அந்த உறுப்பினர் அட்டை உண்மையில் எதைக் கொடுக்கிறது என்று ரூபாய் அணாவாகக் கணக்குப் போடு. வெளுத்த துணியும் தள்ளுபடியும் சேர்ந்து எவ்வளவு வருகிறதோ அதை ஹாலந்து அமெரிக்காவின் விலையிலிருந்து கழித்துக்கொள். அதற்கு மேல் அந்த நட்சத்திரத்துக்கு எடை கொடுக்காதே. விதிகளும் நிலையானவை இல்லை. கார்னிவல் குரூஸ் லைன் தன் உறுப்பினர் தகுதியை, 2026 ஜூனிலிருந்து பயணி செலவழிக்கும் பணத்தை வைத்துக் கணக்கிடப்போவதாக 2025இல் அறிவித்தது. ராயல் கரீபியன், செலிபிரிட்டி, சில்வர்சீ மூன்றும் ஒரே குழுமம் என்பதால் 2024லிருந்து ஒன்றில் பெற்ற தகுதியை மற்றதிலும் மதிக்கிறார்கள். நீ பார்க்கும் நிறுவனத்தில், வேறு நிறுவனத்தில் பெற்ற தகுதிக்கு ஏதாவது சலுகை உண்டா என்று முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடு, கட்டிய பிறகு கேட்பதில் பயனில்லை.

இனி அலாஸ்கா. இங்கேதான் நிறுவனங்களுக்கு இடையே உண்மையான வித்தியாசம் இருக்கிறது, விளம்பரங்கள் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்கு மேல் பூங்காத் துறை விடுவதில்லை. அந்த அனுமதிகளில் பெரும்பகுதி ஹாலந்து அமெரிக்காவிடமும் பிரின்சஸிடமும் இருக்கிறது. நார்வீஜியனுக்குக் கொஞ்சம் உண்டு. ராயல் கரீபியன், செலிபிரிட்டி கப்பல்கள் ஹப்பர்ட் பனியாற்றுக்கோ எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய கடற்கழிக்கோதான் பெரும்பாலும் போகின்றன. ஹப்பர்டும் சாதாரணமானதில்லை, கடலைத் தொடும் முகப்பே பத்து கிலோமீட்டர் அகலம். ஆனாலும் கிளேசியர் பே வேறு. பூங்காக் காவலர்கள் படகில் வந்து கப்பலில் ஏறி, நாள் முழுக்க உடன் இருந்து ஒலிபெருக்கியில் விளக்குகிறார்கள். பிள்ளைகளுக்குத் தனியாக இளங்காவலர் புத்தகம் கொடுத்து, அதை நிரப்பினால் உறுதிமொழி எடுக்கவைத்து பேட்ஜ் தருகிறார்கள். உன் மூத்தவளுக்கு அது கப்பல் விளையாட்டுகளைவிடப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். 1794இல் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது அந்த விரிகுடாவே இல்லை, வாயிலிலேயே பனிச்சுவர் நின்றது. இன்று கப்பல் உள்ளே நூறு கிலோமீட்டர் அளவுக்குப் போய்த்தான் பனியைத் தொடுகிறது. அந்தத் தூரத்தை மெதுவாகக் கடக்கும்போது, இரண்டு நூற்றாண்டில் என்ன நடந்தது என்று ஒரு குழந்தைக்குப் பாடம் சொல்லாமலே புரியும்.

அடுத்தது புறப்படும் துறைமுகம். சியாட்டிலுக்கு விமானம் மலிவாக இருக்கலாம். ஆனால் அங்கிருந்து புறப்படும் கப்பல்கள் பொதுவாக வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக்கில் போகின்றன. அந்தப் பகுதியில் ஆட்டம் அதிகம். வான்கூவரிலிருந்து புறப்படுபவை தீவுக்கும் கரைக்கும் நடுவே, இன்சைட் பாசேஜ் என்ற காப்பான நீர்வழியில் போகும். அண்ணியின் தலைசுற்றலுக்கு நான் மாத்திரையைவிட இதைத்தான் நம்புவேன். இன்னொன்று. அமெரிக்காவின் 1886ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு அங்கேயே திரும்புவதானால் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். பெரிய நிறுவனங்களின் கப்பல்கள் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா, நெதர்லாந்து என்று வெளிநாட்டுக் கொடிதான். அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் கடைசி மாலையில் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கின்றன. பயணத் திட்டத்தில் அது ஒரு துறைமுகமாக எண்ணப்படும், ஆனால் நீங்கள் இறங்கும்போது அங்குள்ள புட்சார்ட் தோட்டத்துக்குப் போய்வர வெளிச்சம் இருக்குமா என்று பார்க்க வேண்டும். எத்தனை ஊர் என்று எண்ணாதே, ஒவ்வொரு ஊரிலும் எத்தனை மணி நேரம் என்று எண்ணு.

ஊர்ப்பெயர் மட்டும் போதாது, எந்தத் துறை என்றும் கேள். கெட்சிகனில் சில கப்பல்கள் ஊர் நடுவில் கட்டுகின்றன. சில கப்பல்கள் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் வார்ட் கோவ் என்ற இடத்தில் கட்டுகின்றன, அங்கிருந்து பேருந்தில் வர வேண்டும். அண்ணனின் முழங்கால் வலிக்கு இது பெரிய விஷயம். ஜூனோவில் 2024லிருந்து ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல் என்று நகரமும் நிறுவனங்களும் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. முப்பதாயிரம் சொச்சம் பேர் வாழும் ஊருக்கு ஐந்தும் ஒரே நாளில் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசி. துறைமுக அட்டவணை முன்பே வெளியாகிறது. நீங்கள் போகும் நாளில் எத்தனை கப்பல் என்று பார்த்துவிட்டு வாரத்தை முன்னே பின்னே நகர்த்து.

பெரிய கப்பல் என்றால் நெரிசல் என்று அண்ணன் சொல்வதை அப்படியே ஏற்காதே. கப்பலின் மொத்த டன் அளவை (அது எடை இல்லை, உள்ளிடத்தின் கொள்ளளவு) பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். கோனிங்ஸ்டாமுக்குச் சுமார் 38 வரும். ராயல் கரீபியனின் குவாண்டம் 168,666 டன், அறைக்கு இருவர் வீதம் 4,180 பேர், அதற்குச் சுமார் 40. நார்வீஜியன் பிளிஸுக்கு 42 பக்கம். ஸாண்டாமுக்கு 43. கணக்குப்படி பெரியதும் சிறியதும் ஏறத்தாழ ஒன்றுதான். கோடை விடுமுறையில் அறைக்கு நால்வராகப் பிள்ளைகள் நிரம்பும்போது இந்த எண் இறங்கும் என்பதை மனதில் வை. நெரிசல் அதிகம் தெரிவது கப்பலுக்குள் இல்லை. நாலாயிரம் பேர் ஒரே காலையில் சின்ன ஊரில் இறங்கும்போதுதான் தெரியும்.

பணத்தை ஒப்பிடும்போது முதல் பக்கத்து விலையைப் பார்க்காதே. அதில் டிப்ஸ் இருக்காது. பெரிய நிறுவனங்களில் அது தலைக்கு நாளுக்கு 16 முதல் 20 டாலர், குழந்தைக்கும் உண்டு. 17 என்று வைத்தாலும் நீங்கள் ஆறு பேருக்கு ஏழு இரவுக்கு 714 டாலர். வைஃபை, கரையில் போகும் சுற்றுலா எல்லாம் தனி. குடிவகை பேக்கேஜோடு சேர்த்து மலிவாகக் காட்டும் விலையில் கவனமாக இரு. அறையில் ஒருவர் அந்த பேக்கேஜ் வாங்கினால் அதே அறையில் இருக்கும் மற்ற பெரியவரும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று பல நிறுவனங்களில் விதி இருக்கிறது. குடிக்காத அண்ணனுக்கும் அண்ணிக்கும் அதில் ஒரு டாலர்கூடப் போட வேண்டாம். ஒரே வாரம், ஒரே வகை அறை, ஒரே சேர்க்கைகள் என்று வைத்து மொத்தத் தொகையை எழுதி, பிறகு வகுத்துப் பார்.

அண்ணிக்குச் சைவம் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே எழுத்தில் சொல். முன்கூட்டிச் சொன்னால் பெரிய கப்பல்களில் இந்தியச் சமையல் செய்து தருவார்கள். முட்டையும் மீன்சாறும் கூடாது என்று தனியாகக் குறிப்பிடு. சுத்தத்துக்கு அமெரிக்கச் சுகாதாரத் துறை சொல்லாமல் வந்து சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. 86க்குக் கீழே போனால் தோல்வி. நீ எடுக்கும் கப்பலின் மதிப்பெண்ணைப் பார்த்துக்கொள், போதும்.

என் முடிவைக் கேட்டாயானால், இந்தப் பயணத்துக்கு நான் கிளேசியர் பேயை விட்டுக்கொடுக்க மாட்டேன், வான்கூவர் புறப்பாட்டையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த இரண்டையும் வைத்தாலே பட்டியல் பெரும்பாலும் ஹாலந்து அமெரிக்காவும் பிரின்சஸும் என்று சுருங்கிவிடும். மாப்பிள்ளையிடம் ராயல் கரீபியன் பிள்ளைகளுக்கு மிக நல்ல கப்பல்தான், அதைக் கரீபியனுக்குப் போகும் வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல். இரண்டில் பிரின்சஸின் பக்கம் என் மனம் சாய்கிறது. பிள்ளைகளுக்கு அங்கே ஓடியாட இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நாணயம் அளவு மெடாலியனைக் கையில் கட்டிவிட்டால் பிள்ளை எந்தத் தளத்தில் இருக்கிறது என்று போனில் தெரியும், அறைக் கதவும் அதிலேயே திறக்கும். இரண்டு நிறுவனங்களும் 2003லிருந்து ஒரே கார்னிவல் குழுமத்தில் இருந்தாலும் நடைமுறையும் சுவையும் வேறுதான், அதனால் அண்ணனுக்கு இது உண்மையான மாற்றம்தான். ஆனால் நடைதளமும் குறித்த நேரச் சாப்பாடும் அவர் தாளில் முதல் இரண்டு வரியாக வந்தால், யோசிக்காமல் ஹாலந்து அமெரிக்காவிலேயே எடு. நாற்பதாவது வருடம் அவர்களுடையது.

ஜூலைக்குப் பதில் மே கடைசி அல்லது ஜூன் முதல் வாரம் கிடைக்குமா என்றும் பார். அலாஸ்காவில் அப்போது மழை குறைவு, விலையும் இறங்கியிருக்கும், பள்ளியில் சில நாள் விடுப்புக் கேட்க வேண்டியிருக்கும். அண்ணன் அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்டுக்குப் பக்கத்தில், கீழ்த்தளம் ஒன்றில் எடு. மீதிப் பணம் கட்டக் கடைசித் தேதி பெரும்பாலும் புறப்பாட்டுக்கு மூன்று மாதம் முன்னால் வரும், அதற்குப் பின் ரத்து செய்தால் இழப்பு அதிகம். மருத்துவச் செலவும் கரைக்குத் தூக்கிச்செல்லும் செலவும் சேர்ந்த காப்பீட்டை அதற்குள் எடுத்துவிடு. மூன்று கப்பல்களின் தேதியையும் மொத்தத் தொகையையும் எழுதி எனக்கு அனுப்பு. கிளேசியர் பே நாள் எது என்று பூங்காத் துறை அட்டவணையோடு நான் சரிபார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா