தொட்டியில் மீன் விடுமுன்

அன்புள்ள அம்மிணிக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ போனில் கேட்டபோதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் சொன்னால் "சரிங்க பெரியப்பா, சரிங்க பெரியப்பா" என்று தலையாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் பையில் கட்டிக்கொண்டு வந்துவிடுவாய். உன்னைத் தூக்கி வளர்த்தவனுக்குத் தெரியாதா? தாளில் இருந்தால் கடைக்கே எடுத்துப் போய்ப் பார்க்கலாம்.

நீ அனுப்பிய பட்டியல் முன்னால் இருக்கிறது. நியான் டெட்ரா பத்து, ஏஞ்சல் இரண்டு, கோல்டு ஃபிஷ் இரண்டு, நீல ஃபைட்டர் ஒன்று, கண்ணாடியைச் சுத்தம் செய்யச் சக்கர் ஒன்று, "குட்டி ஷார்க்" ஒன்று. உன் சிநேகிதிகள் பரிசாகக் கொடுத்த தொட்டியோ இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப்படி 56 லிட்டர். கல்லும் மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் நின்றால் அதிகம். நீ எழுதியிருப்பது கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக் கூட்டம். உன்னிடம் இருப்பது மினி பஸ்.

நியான் எப்படிப் பட்டியலில் முதலில் வந்தது என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்தபோது எங்கள் ஹாலில் தரையில் உட்கார்ந்து, காபி ஆறுவதுகூடத் தெரியாமல் அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பெரியப்பாவுக்குக் கைராசி என்று பெரியம்மாவிடம் சொன்னாயாம். கைராசியும் இல்லை, ஒன்றுமில்லை. எங்கள் குழாயில் வருவது சிறுவாணி. மலையிலிருந்து வரும் மென்மையான தண்ணீர், சுண்ணாம்பு குறைவு. நியானின் பூர்வீகம் அமேசானின் மேற்பகுதி ஓடைகள். அங்கே உதிர்ந்த இலை ஊறி ஊறித் தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் ஓடும், சுண்ணாம்பு ஏறக்குறைய இருக்காது. அதற்குக் கிட்டத்தில் இருக்கிறது எங்கள் தண்ணீர், அவ்வளவுதான்.

சென்னையில் உன் வீட்டில் வருவது போர் தண்ணீர். ஷவர் ஓட்டை அடைத்துக்கொள்கிறது, பக்கெட் ஓரத்தில் வெள்ளை படிகிறது என்று உன் அம்மாவிடம் நீயே புலம்பினாய். எந்த மீன் வாங்குவது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்த வெள்ளையிலேயே இருக்கிறது. எந்த மீனோடு எந்த மீன் ஒத்துப்போகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முதல் பொருத்தம் மீனுக்கும் உன் குழாய்க்கும் பார்க்க வேண்டியது. ஆர்.ஓ. சர்வீஸ் செய்ய வரும் பையனிடம் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், குழாய்த் தண்ணீரை அளந்து பார்க்கச் சொல். எண் பல நூறில் நின்றால் நியானை மறந்துவிடு. அதற்காக ஆர்.ஓ. தண்ணீரையே தொட்டிக்கு ஊற்றலாமா என்று கேட்பாய். ஊற்றாதே. அதில் தாது உப்பு ஏறக்குறைய மிச்சமிருக்காது. கலந்து சரிக்கட்டுவது பழகியவர் வேலை, அதுவும் வாராவாரம். முதல் வருஷத்தில் அந்தப் பாடு உனக்கு வேண்டாம்.

உன் தண்ணீருக்கென்றே பிறந்தவை சில உண்டு. கப்பி, மோலி, பிளாட்டி. மூன்றும் குட்டி போடும் இனம். மத்திய அமெரிக்காவும் அதை ஒட்டிய பகுதிகளும் அவற்றின் சொந்த ஊர். சுண்ணாம்புத் தண்ணீர் அவற்றுக்குச் சுகம், மோலி உப்பங்கழியில்கூட வாழும். "கப்பியா, அது சாக்கடை மீனாச்சே" என்று மூஞ்சியைச் சுளிக்காதே. கொசுவுக்காகக் கிணற்றிலும் கால்வாயிலும் விட்டதால் வந்த பெயர் அது. கடையில் ஆண் கப்பியின் வாலை விளக்குக்கு எதிரே பார், கல்யாணப் பட்டுப்புடவைத் தலைப்புக்குக் குறைந்ததில்லை.

இனி பட்டியலில் மற்றவர்கள். இதில் ஏஞ்சலைப் பற்றி மட்டும் ஒரு கதை சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே பட்டது. பெரம்பூரில் வேலை பார்த்த காலம், 1991 என்று நினைவு. எனக்கும் இரண்டடித் தொட்டிதான். பத்து நியானும் எட்டணா அகலத்தில் இரண்டு ஏஞ்சலும் வாங்கினேன். கடைக்காரர் "ரெண்டும் சாது மீன் சார்" என்றார். நான்கு நியான் முதல் மாதமே தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் போயின. மீதி ஆறு நன்றாகத்தான் இருந்தன. அப்புறம் ஐந்து, அப்புறம் நான்கு. செத்து மிதந்ததைக் காணவில்லை. எதிர்வீட்டுப் பூனையைச் சந்தேகப்பட்டு மூடிமேல் செங்கல் வைத்தேன். ஒருநாள் விடிகாலை பல் தேய்த்துக்கொண்டே தொட்டி விளக்கைப் போட்டேன். பெரிய ஏஞ்சல் மூலையில் அசையாமல் நின்றது. வாய் லேசாகத் திறந்திருந்தது, அதன் ஓரத்தில் ஒரு சிவப்புத் துணுக்கு. நியானின் வால் பக்கம். அது ஒரு தடவை துடித்தது. ஏஞ்சல் கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்து மூடியது, சிவப்பு மறைந்துவிட்டது. செங்கல்லை எடுத்து வெளியே வைத்தேன்.

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. எட்டணா அளவில் அது சாதுதான். வளர்ந்தால் துடுப்போடு சேர்த்து ஆறு அங்குலம், ஓரடி உயரத் தொட்டியில் பாதியை அடைத்துக்கொள்ளும், வாயில் நுழைவதெல்லாம் அதற்கு இரை. எந்த மீனைக் காட்டினாலும் "இது வளர்ந்தா எவ்வளவு பெருசாகும்?" என்று கேள். கையால் காட்டச் சொல்.

இந்தக் கேள்வியிலேயே பட்டியலில் மூன்று பேர் கழன்றுகொள்வார்கள். சக்கர் ஓரடியைத் தாண்டும். அது கண்ணாடிப் பாசியைத் தின்பதைவிடப் போடும் கழிவு அதிகம், நீளநீளமாக இழுத்துக்கொண்டு திரியும். வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் கொண்டுபோய் ஏரியில் விட்டவர்கள் புண்ணியத்தில் இந்தத் தென் அமெரிக்க மீன் இன்று நம் நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையில் முள்ளோடு சிக்கிக்கொண்டு கிடக்கிறது. எதை வாங்கினாலும் எந்தக் காரணத்துக்காகவும் ஏரியில் விடமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடு. "குட்டி ஷார்க்" சுறாவே இல்லை, கெளுத்தி வகை. மூன்றடிக்கு மேல் வளரும். ஓட்டலில் பாசா என்று தட்டில் வருகிறதே, பெரும்பாலும் அதே ஆசாமிதான். கோல்டு ஃபிஷ் கெண்டைக் குடும்பம். தின்பதும் கழிப்பதும் அதிகம், குளிர்ந்த தண்ணீர் கேட்கும். சென்னை மே மாதத்தில் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து நிற்கும், பார்க்கச் சகிக்காது.

ஃபைட்டர் வேறு கதை. அளவு சின்னதுதான், குணம்தான் தகராறு. வாலை விரித்த ஆண் கப்பியைக் கண்டால் அதைத் தன் எதிரி ஃபைட்டர் என்று நினைத்துப் பாய்ந்துவிடும். வேண்டுமென்றால் அதற்கென்று 15 லிட்டரில் தனித் தொட்டி வை. கடையில் டம்ளரில் வைத்திருக்கிறார்களே என்று ஏமாறாதே. மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்கும் உறுப்பு இருப்பதால் அது டம்ளரில் சாகாமல் இருக்கிறது, அவ்வளவுதான். பட்டியலில் இல்லாத ஒன்றையும் கடைக்காரர் காட்டுவார்: டைகர் பார்ப், மஞ்சளில் கறுப்புப் பட்டை. அழகன்தான். நீண்ட வால் எதைப் பார்த்தாலும் கடித்துக் கிழித்துவிடுவான்.

ஆக, நீ வாங்க வேண்டியது: ஆண் கப்பி ஆறு. ஒரு மாதம் போனபின் பிளாட்டி மூன்று. உங்க அம்மா வாஸ்துவுக்கு ஒரு கறுப்பு மீனாவது இருக்கட்டும் என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். கறுப்பு மோலி ஒன்று வாங்கிவிடு. வாஸ்துவுக்கும் ஆச்சு, உன் தண்ணீருக்கும் ஆச்சு. அத்தோடு நிறுத்து. தொட்டி காலியாகத் தெரிகிறதே என்று தோன்றும். கோடையில் ராத்திரி மூன்று மணி நேரம் கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றால் எத்தனை மீன் தாங்குமோ, அதுதான் சரியான எண்ணிக்கை. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் நிற்கும். அடியில் ஏதாவது வேண்டுமென்றால் இரண்டு நத்தை விடு, சுண்ணாம்புத் தண்ணீரில் அதன் ஓடு நன்றாக இருக்கும்.

ஏன் ஆண் மட்டும் என்றால், பெண் கப்பி மாதம் ஒருமுறை இருபது முப்பது குட்டி போடும். ஒருமுறை சேர்ந்துவிட்டால் போதும், ஆணே இல்லாத தொட்டியிலும் பல மாதம் பிரசவம் நடக்கும். கடையில் இருக்கும் பெண் மீன் எதுவும் ஏற்கெனவே கர்ப்பம் என்றே வைத்துக்கொள். அடையாளம் சுலபம்: வயிற்றுக்கு அடியில் பின்பக்கத் துடுப்பைப் பார். விசிறிபோல விரிந்திருந்தால் பெண், குச்சிபோலக் கூராக இருந்தால் ஆண். கப்பி, மோலி, பிளாட்டி மூன்றுக்கும் இதே அடையாளம். கடைப்பையன் வலையைப் போட்டு அவசரப்படுத்துவான். நீ அவசரப்படாதே. உடம்பில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி இருந்தாலோ, துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஆடிக்கொண்டே நின்றாலோ, அந்தத் தொட்டியிலிருந்து எதுவுமே வேண்டாம். நல்ல மீனும் அதே தண்ணீரில்தானே இருக்கிறது.

இவ்வளவும் சரியாக வாங்கினாலும், தொட்டி வைத்த மறுநாளே விட்டால் பத்து நாளில் மிதக்கும். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதைத் தின்று நைட்ரைட்டாக்கவும், நைட்ரைட்டை அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக்கவும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பான்ஜில் குடியேற வேண்டும். அதற்கு நாலிலிருந்து ஆறு வாரம். உன் போர் தண்ணீர் காரம் கூடியது, சென்னைச் சூடும் சேர்ந்தால் அதே அம்மோனியா இன்னும் கொடுமையான விஷம். ஆகவே மீன் இல்லாமலே ஃபில்டரை ஓட விடு. தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வா, அது அழுகித்தான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. நாலைந்து நாளில் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர்போல மங்கலாம். பதறிப்போய் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிடாதே, தானாகத் தெளியும்.

இன்னொன்று, அசோசியேஷனில் விசாரி. கோடையில் போர் தண்ணீரோடு லாரித் தண்ணீரையும் சம்ப்பில் கலக்கிறார்களா, குளோரின் போடுகிறார்களா என்று. போடுகிறார்கள் என்றால் வாராவாரம் மாற்றுகிற ஒரு பக்கெட் தண்ணீரை முந்தின நாளே பிடித்து வை, ஆன்டி குளோரின் விட்டுக்கொள். ஸ்பான்ஜைக் குழாயடியில் காட்டிக் கழுவாதே. தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே பிழி.

அடுத்த மாதம் கண் பரிசோதனைக்கு நான் சென்னை வருகிறேன். சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிச் சனிக்கிழமை காலை இறங்கிவிடுவேன். என் தொட்டியில் ஓடுகிற பழைய ஸ்பான்ஜில் ஒன்றை ஈரத்தோடு டப்பாவில், மூடியை இறுக்காமல் எடுத்து வருகிறேன். அதை உன் தொட்டியில் போட்டால் குடித்தனம் அன்றே ஆரம்பம். ஞாயிறு காலை இரண்டு பேரும் கொளத்தூர் போய் முதலில் மூன்று கப்பி மட்டும் வாங்குவோம், மீதி மூன்று இரண்டு வாரம் கழித்து. நான் வரும்வரை தொட்டி காலியாகவே ஓடட்டும்.

பெரியம்மா அதே பையில் உனக்குத் தேங்காய் பர்பியும் வைக்கப் போகிறாளாம். எது எந்த டப்பா என்று எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா