மரெம்மா காட்டுப்பன்றிக் குழம்பு

இத்தாலியின் டஸ்கனியில், கடலை ஒட்டிக் கிடக்கும் மரெம்மா பகுதிக்குக் குளிர்காலம் என்றால் காட்டுப்பன்றிக் காலம். தக்காளி, சிவப்பு ஒயின், கறுப்பு ஆலிவ் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைக்கும் இந்தக் குழம்பு அந்த ஊரின் பெருமை. அங்கே பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை உரிமம் பெற்றவர்கள் வேட்டையாடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் கடைக்கு வரும் கறிக்கு ட்ரிக்கினெல்லா புழுச் சோதனையும் கட்டாயம். அங்கே வாழும் தமிழர்கள் அப்படிச் சோதித்த கறியையே வாங்க வேண்டும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றி வேட்டையைக் கட்டுப்படுத்துவதால், இங்குள்ளவர்கள் இதே முறையில் ஆட்டு முன்சப்பையைச் சமைக்கலாம். சுவை வேறு, பக்குவம் ஒன்றுதான்.

நாலைந்து பேருக்கு ஒரு கிலோ கறி போதும். தொடையை விட முன்சப்பைதான் நல்லது. ஓடித் திரிந்த விலங்கின் கறியில் கொழுப்பு குறைவு, சவ்வு அதிகம். அந்தச் சவ்வு மெல்லக் கரைந்தால்தான் குழம்புக்குக் கொழகொழப்பு வரும். தொடைக்கறியோ சீக்கிரம் வறண்டுவிடும்.

முதல் நாள் இரவே கறியைப் பெரிய நெல்லிக்காய் அளவுத் துண்டுகளாக்கி, வெங்காயம், கேரட், செலரி, ரோஸ்மேரி, நசுக்கிய ஜூனிபர் காய் நாலைந்து சேர்த்து, மூழ்கும்வரை சிவப்பு ஒயின் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைக்கவும். ஒயின் கறியை மெத்தென்று ஆக்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது மேல்பரப்பைத் தாண்டி அதிகம் இறங்காது. கவிச்சியை அடக்கி மணம் கொடுப்பதே அதன் வேலை.

மறுநாள் ஊறிய ஒயினைக் கொட்டிவிடலாம். கறியை ஈரம் போகத் துடைப்பதுதான் பலரும் அலட்சியம் செய்யும் படி. ஈரத்தோடு சட்டியில் போட்டால் கறி சிவக்காது, தண்ணீர் விட்டு அவியும். அடிகனமான சட்டியில் ஆலிவ் எண்ணெய் காய்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து எடுக்கவும்.

அதே எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரி, பூண்டை நிதானமாக வதக்கி, வறுத்த கறியைப் போட்டு, புது ஒயின் ஒரு கோப்பை ஊற்றி வற்றவிடவும். பிறகு 400 கிராம் தக்காளி, உப்பு, கறி மூழ்க வெந்நீர். மூடியைச் சற்றே திறந்து வைத்து, ஓரத்தில் மட்டும் குமிழியிடும் சிறுதீயில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம்.

குக்கரை எடுக்கக் கை பரபரக்கும். கறி வெந்துவிடும் என்பது உண்மை. ஆனால் நீர் வற்றாததால் குழம்பு கூடிவராது. சிறுதீயே சரி. காட்டுப்பன்றிக் கறியின் உள்சூடு 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். உறையவைத்தாலே புழு சாகும் என்று இருந்துவிடக் கூடாது. குளிரைத் தாங்கும் ட்ரிக்கினெல்லா வகைகளும் உண்டு.

இறக்குவதற்கு இருபது நிமிடம் முன் கறுப்பு ஆலிவ் ஒரு கைப்பிடி. ஆலிவில் உப்பு இருப்பதால், ருசி பார்த்த பின்பே மேலும் உப்புப் போட வேண்டும்.

தொட்டுக்கொள்ள பொலெந்தா: ஒரு பங்கு மக்காச்சோள மாவுக்கு நாலு பங்கு தண்ணீர், முக்கால் மணி நேரக் கிளறல். குழம்பு மிஞ்சினால் கறியை உதிர்த்துவிட்டு, பப்பர்தெல்லே என்ற அகலமான பாஸ்தாவில் பிரட்டிச் சாப்பிடுவது டஸ்கனி வழக்கம்.