திருநந்தவனக் கைங்கர்யமும் இல்லத்துச் செட்டும்

அத்திகிரி என்று பெரியோர் போற்றும் காஞ்சி திவ்யதேசத்தில் அனந்தசரஸ் என்னும் திருக்குளம் விளங்குகின்றது. அத்தி மரத்தாலான ஆதி வரதர் அக்குளத்து நீரின் அடியில் சயனித்திருந்து, நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளி அடியார்களுக்குச் சேவை சாதிக்கின்றார். 1979, 2019 ஆகிய ஆண்டுகளில் அச்சேவை நிகழ்ந்தது. 2019-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இலட்சோபலட்சம் ஆஸ்திகர்கள் திரண்டு சேவித்து உய்ந்தனர்.

அதே ஆண்டின் கோடையில் மற்றொரு காட்சியும் காணப்பட்டது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் ஏற்றிக் கொண்டுவரப்பட்டது. நீருக்குள் உறையும் பெருமானைச் சேவிக்கக் காஞ்சிக்கு விரைந்த அன்பர்களில் பலர், தம் இல்லத்தில் குடத்து நீரை அளந்து செலவிட்டவர்களே.

இவ்விரண்டு காட்சிகளையும் சேர்த்து நினைத்தல் வேண்டும். திருமஞ்சனத் தீர்த்தம் கிணற்றிலிருந்து வருகின்றது. கிணற்றின் ஊற்றோ ஊரார் அனைவருடைய வீடுகளுக்கும் அடியிலுள்ள மண்ணிலிருந்து வருகின்றது. ஓர் அகத்தார் அந்நீரை விரயம் செய்தால் அடுத்த அகத்தாரின் கிணறும் வற்றும், திருக்குளமும் வற்றும். ஆகவே இல்லத்தில் நீரையும் மண்ணையும் விளக்கையும் செட்டாக ஆளுதல் பகவத் கைங்கர்யத்தின் ஓர் அங்கமேயாகும். அதனைத் தனித்தனியே செய்வதினும் தெருவார் ஒன்றுகூடிச் செய்வதே பலன் தரும். உற்சவம் சேவித்து ஊர் திரும்பும் அன்பர்கள் கைக்கொள்ளத்தக்க சில முறைகள் கீழே கூறப்படுகின்றன.

மண் சுமந்த தம்பதியர்

திருவேங்கடமுடையானுக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்யத் திருமலைக்குச் செல்வார் உண்டோ என்று எம்பெருமானார் தம் கோஷ்டியில் வினவியபோது, மலையின் குளிருக்கு அஞ்சிப் பலரும் மௌனமாயிருந்தனர். அனந்தாழ்வான் ஒருவரே எழுந்து இசைந்தார். திருமலைக்குச் சென்ற அவர், செடிகளுக்கு நீர் வேண்டுமென்று ஓர் ஏரி தோண்டத் தலைப்பட்டார். அவர் மண்வெட்ட, கருவுற்றிருந்த தேவியார் கூடையில் மண் சுமந்தார். அப்போது எம்பெருமானே ஒரு சிறுவனாக வந்து அம்மையாருக்கு உதவினான் என்றும், கைங்கர்யத்தில் பிறருக்குப் பங்கு தர மனமில்லாத அனந்தாழ்வான் சினந்து கடப்பாரையை வீச, அது திருமோவாயிற் பட்டதென்றும், அதனாலேயே இன்றளவும் அவ்விடத்தில் பச்சைக் கர்ப்பூரம் சாற்றப்படுகிறதென்றும் பெரியோர் அருளிச்செய்வர்.

இவ்வரலாற்றில் கற்கத்தக்கவை இரண்டு. பூச்செடிக்கு முன்னே நீருக்கு வழி தேட வேண்டும் என்பது ஒன்று. ஓடையும் ஏரியுமின்றி நந்தவனம் நிலைப்பதில்லை. மண் சுமக்கும் வேலையில் எம்பெருமானே பங்கு விரும்பி வந்தான் என்பது மற்றொன்று. அவனே விரும்பிய பங்கை அயலாருக்கும் அளித்துக் கூடிச் செய்தல் தகும்.

தீர்த்தம்

எம்பெருமானார் காஞ்சியில் வாழ்ந்த இளமைக் காலத்தில் சாலைக்கிணற்றிலிருந்து நாள்தோறும் திருமஞ்சனக் குடம் சுமந்துவந்து பேரருளாளனுக்குச் சமர்ப்பித்தார். குடத்தைத் தோளில் சுமப்பவர் ஒரு துளியையும் சிந்தத் துணியார். குழாயைத் திருகினால் நீர் வரும் இந்நாளில் அப்பாரம் தோளுக்குத் தெரிவதில்லை. அதனால் நீரின் அருமை நெஞ்சுக்கும் தெரிவதில்லை.

மழைநீரின் கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர் நீராகும். 1000 சதுர அடி மாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் அம்மாடியின்மேல் 93,000 லிட்டர் நீர் விழுகின்றது. சிதறுவதும் ஆவியாவதும் போக நான்கில் மூன்று பங்கைப் பிடித்தாலும் ஏறத்தாழ 70,000 லிட்டர் மண்ணுக்குள் இறங்கும். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த இரயில் ஒரு நடையில் சுமந்தது 25 இலட்சம் லிட்டர். அஃதாவது, ஏறத்தாழ 36 வீடுகள் ஓராண்டில் தம் மாடி மழையைக் காத்தால் ஓர் இரயில் நிறைய நீர் அத்தெருவுக்கடியிலேயே சேர்ந்துவிடும். ஒரு மாடவீதியின் இருசாரி வீட்டாரும் இசைந்தால் ஆகக்கூடிய காரியம் இது.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருக்க வேண்டுமென்று 2003-ஆம் ஆண்டு சட்டம் செய்யப்பட்டது. அவ்வாறு அமைத்த குழிகளில் பல, பிறகு ஒருவரும் திறந்து பாராமையால் சேறடைந்து கிடக்கின்றன. குழியிலுள்ள கூழாங்கல்லையும் மணலையும் எடுத்து அலசி மீண்டும் இடுதல் அரைநாள் வேலையே. புரட்டாசி மாதத்தில் மாடியைப் பெருக்கி, குழாய் வாயைச் சுத்தம் செய்து, இக்குழிகளைச் செப்பனிட்டுவிட்டால், ஐப்பசி, கார்த்திகை மழை வீணாகாது. முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டுப் பின்வரும் மழையைக் குழிக்குள் செலுத்துதல் நலம். மலக்குழிக்கு அருகில் சேகரிப்புக் குழி அமைத்தல் ஆகாது. அரிசியும் காய்கறியும் களைந்த நீரைச் செடிக்கும், துணி அலசிய கடைசி நீரை வாழைக்கும் விடலாம்.

மண்ணும் மலரும்

திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியில் மலர் வளர்த்துக் காஞ்சிக்குக் கொண்டுசென்று சமர்ப்பித்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் அமைத்தே திருத்தொண்டு புரிந்தனர். கடையில் வாங்கும் மலர் எங்கே விளைந்தது, என்ன மருந்து தெளிக்கப்பட்டது என்பதை வாங்குபவர் அறியார். தம் கையால் நீர்வார்த்த ஒரு திருத்துழாய்ச் செடியின் தளம் பற்றி அவ்வையம் இல்லை.

இடம் உள்ளவர் நந்தியாவட்டை, பவழமல்லி, செண்பகம், மகிழம் ஆகியவற்றை வைக்கலாம். துவாதசிப் பாரணைக்கு வேண்டும் அகத்தி, நெல்லி, சுண்டை ஆகிய மூன்றும் நம் மண்ணில் எளிதில் வளர்வன. ஒவ்வோர் அகத்திலும் மூன்றையும் வைக்க இடமிராது; ஓரகத்தில் அகத்தி, ஓரகத்தில் நெல்லி, ஓரகத்தில் சுண்டை என்று வைத்துக்கொண்டால் தெரு முழுவதற்கும் துவாதசி நிறைவேறும். அடுக்குமாடியில் குடியிருப்போர் வெயில்படும் தாழ்வாரத்தில் தொட்டிகளில் துளசி, மரிக்கொழுந்து, கீரை முதலியன வளர்க்கலாம்.

உரத்திற்குப் பொருள் செலவிட வேண்டுவதில்லை. தளிகை உள்ளில் கழியும் காய்த்தோலும் பழத்தோலும், மாசி, பங்குனியில் உதிரும் சருகும் சேர்ந்தால் எரு ஆகிவிடும். ஈரக்கழிவு ஒரு பங்கிட்டால் சருகு இரண்டு பங்கிட வேண்டும். சருகு குறைந்தால் நாற்றம் எடுக்கும். சிறிது சாணக் கரைசலோ பழைய எருவோ தெளித்து, வாரம் ஒருமுறை கிளறி, பிழிந்த துணி போன்ற ஈரத்தில் வைத்திருந்தால் இரண்டு மூன்று மாதங்களில் மண் மணக்கும் எரு கிடைக்கும். சருகைத் தெருவில் கொளுத்துதல், செடியின் உணவைப் புகையாக்கி அயலாரின் மூச்சில் கலப்பதாகும்.

அகத்துப் பெருமாளுக்குச் சாற்றிக் களைந்த மாலைகளைக் குளத்தில் எறிவதால் நீர் கெடுகின்றது. நைலான் நூலையும் சரிகையையும் நீக்கி, மலரைக் கால்படாத மூலையில் எருக்குழியிலிட்டு, அந்த எருவை மரத்தின் அடிக்கே இடுதல் மரியாதைக்கும் பொருந்தும். வாழை நாரால் தொடுத்த மாலையாயின் இவ்வேலையும் மிச்சம்.

கோடையில் செடியின் அடியில் நான்கு விரற்கடை உயரம் சருகு பரப்பும் மூடாக்கு முறை ஈரத்தைக் காக்கும். சுடுமண் பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடி வைத்தால், நீர் சிறுகக் கசிந்து வேருக்கு மட்டும் செல்லும். பூச்சி விழுந்தால், இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்பு நீர் கலந்து மாலை வேளையில் தெளிக்கலாம்.

திருவாலவட்டமும் திருவிளக்கும்

வேள்வித் தீயில் தோன்றியவனாதலின் வரதன் திருமேனியின் வெம்மை தணியுமாறு திருக்கச்சி நம்பிகள் திருவாலவட்டம் வீசினார் என்பர். வெம்மை எங்கிருந்து வருகிறதென்று அறிந்து அதனைத் தணித்தலே இல்லத்திற்கும் உரிய முறை. கோடையில் வீட்டுக்கு வெம்மை பெரும்பாலும் மாடித்தளத்தின் வழியாகவும் மேற்குச் சுவரின் வழியாகவும் வருகின்றது. மாடியில் வெண்சுண்ணாம்பு பூசினால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிவிடும். மேற்கே ஒரு வேம்போ முருங்கையோ நின்றால் பிற்பகல் வெயில் சுவரில் படாது. காலையிலும் மாலையிலும் எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்துவைத்தால் காற்று தானே ஊடுருவும்.

அதன்பிறகே மின்சாரத்தின் கணக்கு. 1000 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். 60 வாட் குண்டு பல்பு நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு 9 யூனிட் ஆகின்றது. ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு ஒன்றரை யூனிட்டும் ஆவதில்லை. 75 வாட் பழைய மின்விசிறி நாளுக்கு 12 மணி நேரம் சுழன்றால் மாதத்திற்கு 27 யூனிட். புதுமுறை மோட்டார் பொருத்திய 30 வாட் விசிறிக்கு 11 யூனிட் போதும். நான்கு விளக்கும் இரண்டு விசிறியும் மாற்றிய இல்லத்தில் மாதத்திற்கு 60 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும். குளிர்சாதனம் வைத்திருப்போர் அதனை 24 பாகையில் வைத்து உடன் விசிறியையும் மெல்ல ஓட்டினால் போதிய குளிர்ச்சி கிடைக்கும். ஒரு பாகை கூட்டினால் மின்செலவு ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும் என்று மைய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு கூறுகின்றது. புதிதாகப் பொருள் வாங்குவோர் 2006 முதல் ஒட்டப்பட்டுவரும் நட்சத்திரக் குறியைப் பார்த்து வாங்குதல் நலம்.

தளிகைக்குப் பருப்பையும் அரிசியையும் முன்னரே ஊறவைத்தலும், பாத்திரத்தை மூடிச் சமைத்தலும், கொதி வந்தபின் தீயைக் குறைத்தலும் அடுப்பெரிக்கும் செலவைக் குறைக்கும். மாடியில் நிழல் விழாத இடம் உள்ளவர்கள் சூரிய மின்தகடு அமைக்கலாம். ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும்.

செட்டு வேறு, கருமித்தனம் வேறு. முதியவரும் நோயுற்றவரும் உள்ள இல்லத்தில் அவர்களுக்கு வேண்டும் காற்றையும் வெளிச்சத்தையும் குறைத்தல் அறமன்று. ஆளில்லாத அறையில் சுழலும் விசிறியை நிறுத்துவதே செட்டு. அகத்துப் பெருமாள் சந்நிதியில் ஏற்றும் திருவிளக்கு எந்நாளும் எரியட்டும்.

கோஷ்டியாகச் செய்தல்

இவற்றைத் தனியே தொடங்குவோர் சில மாதங்களில் சலித்து விடுவதுண்டு. பத்து அகத்தார் சேர்ந்தால் ஒருவர் தளரும்போது மற்றவர் தாங்குவர். ஒருவர் எருக்குழிக்கு இடம் தரலாம். ஒருவர் சாணம் தரலாம். ஏணியும் மண்வெட்டியும் பொதுவாக ஒன்று போதும். மாதத்தில் ஒரு ஞாயிறன்று காலை இரண்டு மணி நேரம் எல்லோரும் கூடி ஓரகத்தின் வேலையை முடித்து, அடுத்த மாதம் அடுத்த அகத்திற்குச் செல்லலாம். முதியோர் மட்டும் வாழும் இல்லத்தை முதலில் கொள்ளுதல் சிறப்பு. ஆடிப் பெருக்கன்று விதைகளைப் பகிர்ந்துகொள்ளலாம். மின் அளவியின் கணக்கையும் கிணற்று நீரின் ஆழத்தையும் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ஒரே ஏட்டில் குறித்து வருதல் இன்றியமையாதது. அவ்வேட்டைக் குழந்தைகளிடம் ஒப்படைத்தால் ஒரு முறையும் தவறாது.

ஆதி வரதர் மீண்டும் எழுந்தருளுவது 2059-இல். இன்று கையைப் பிடித்துக்கொண்டு உற்சவம் காணவந்துள்ள குழந்தைகள் அப்போது நடுவயதினராய்த் தம் மக்களை அழைத்துச் செல்வர். பெருமான் மீண்டும் சயனிக்க அனந்தசரஸில் நீர் இருக்க வேண்டும். சேவிக்க வருவோரின் வீட்டுக் கிணற்றிலும் நீர் இருக்க வேண்டும். அந்நீர் இன்றுதொட்டு மண்ணுக்குள் இறங்க வேண்டிய நீராகும். இவ்வாண்டுப் புரட்டாசியில் ஒவ்வொரு தெருவாரும் ஒரு சேகரிப்புக் குழியையாவது திறந்து செப்பனிட்டால் அதுவே தொடக்கம். அதற்கு வேண்டும் மன ஒற்றுமையை எம்பெருமான் அனைவருக்கும் அருள்வானாக!