மேசையைச் சுற்றிய சகோதரிகள்

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயர் வட்டாரத்துக் குன்றொன்றின்மேல் ஹாவொர்த் என்னும் சிற்றூர் உள்ளது. 1820ஆம் ஆண்டு பேட்ரிக் பிராண்டே என்னும் பாதிரியார், தம் மனைவியுடனும் ஆறு பிள்ளைகளுடனும் இங்குக் குடிவந்தார். அவர்களுடைய வீட்டின் முன்புறம் தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் இருந்தன. பின்புறம் காற்று ஓயாது வீசும் புதர்க்காடு பரந்து கிடந்தது.

துயரம் அவ்வீட்டை விரைவிலேயே தேடி வந்தது. மறு ஆண்டே தாயார் காலமானார். 1825இல் மூத்த மகள்கள் இருவரும் விடுதிப் பள்ளியில் நோயுற்று, வீடு திரும்பியபின் உயிர்நீத்தனர். எஞ்சிய சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன் ஆகிய நால்வரையும் பெரியம்மா வளர்த்தார்.

1826இல் தந்தை தம் மகன் பிரான்வெல்லுக்கு மரத்தாலான பொம்மைப் போர்வீரர்களை வாங்கி வந்தார். பிள்ளைகள் அவ்வீரர்களுக்குப் பெயர் சூட்டினர். கற்பனை நாடுகளைப் படைத்தனர். அக்கதைகளை உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு நூல்களில் நுண்ணிய எழுத்துகளால் எழுதினர். விளையாட்டே அவர்களுக்கு எழுத்துப் பயிற்சியானது.

வளர்ந்தபின் சகோதரிகள் மூவரும் ஆசிரியர்களாகப் பணியாற்றினர். ஆயினும், எழுதும் ஆர்வம் குறையவில்லை. சார்லட் தம் கவிதைகளை அன்றைய அரசவைக் கவிஞருக்கு அனுப்பினார். இலக்கியம் பெண்ணுக்குரிய வாழ்க்கைப் பணியன்று என்னும் கருத்தில் 1837இல் பதில் வந்தது. சார்லட் எழுதுவதை நிறுத்தவில்லை. பின்னாளில், இரவு ஒன்பது மணிக்குத் தையல் வேலையை ஒதுக்கிவிட்டுச் சகோதரிகள் உணவு மேசையைச் சுற்றி நடந்தவாறே தங்கள் கதைகளைப் பற்றிக் கலந்துரையாடுவர்.

1846இல் மூவரும் சொந்தச் செலவில் ஒரு கவிதை நூலை வெளியிட்டனர். பெண் எழுத்தாளர்களைத் தாழ்வாக மதிப்பிடும் வழக்கம் அன்று இருந்ததால், கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்னும் புனைபெயர்களைச் சூட்டிக்கொண்டனர். முதலாண்டில் இரண்டே படிகள் விற்பனையாயின.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், தந்தையின் கண் அறுவைச் சிகிச்சைக்காகச் சார்லட் மான்செஸ்டர் சென்றார். சிகிச்சை நடந்த நாளன்றே, அவரது முதல் நாவலைப் பதிப்பாளர் ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டார். தந்தையைக் கவனித்துக்கொண்டே, சார்லட் அங்கு மற்றொரு நாவலை எழுதத் தொடங்கினார். அதுவே 1847இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்ற ‘ஜேன் ஐர்’. எமிலியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’, ஆனின் ‘ஆக்னஸ் கிரே’ ஆகியனவும் அவ்வாண்டே வெளியாயின. ஹாவொர்த்தின் புதர்க்காடும் காற்றும் எமிலியின் கதையில் உயிர்பெற்றன.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1848 செப்டம்பருக்கும் 1849 மே மாதத்திற்கும் இடையில் பிரான்வெல், எமிலி, ஆன் மூவரும் அடுத்தடுத்து மறைந்தனர். தனித்து நின்ற சார்லட் தொடர்ந்து எழுதினார். 1855இல் தம் 38ஆம் வயதில் மறைந்தார்.

ஹாவொர்த்தில் இளவயது மரணங்கள் மிகுந்திருந்தன. தூய்மையற்ற குடிநீரும் கழிவுநீர் வசதியின்மையும் ஊர்மக்களை வாட்டின. நல்ல குடிநீர் வேண்டிப் பாதிரியார் அரசுக்கு விண்ணப்பித்தார். 1850இல் வெளியான அரசு ஆய்வறிக்கை, அவ்வூரார் இறக்கும் சராசரி வயது ஏறத்தாழ 25 எனக் காட்டியது. ஆறு பிள்ளைகளையும் இழந்த அத்தந்தை 84 வயதுவரை வாழ்ந்தார்.

அவ்வீடு 1928 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. சகோதரிகள் சுற்றி நடந்த அந்த மேசையை இன்றும் அங்குக் காணலாம்.