முதுமையில் தசைத் தேய்வும் பளுப் பயிற்சியும்

முதியவர் ஒருவர் நாற்காலியினின்று எழுவதற்குக் கையூன்றத் தொடங்கினால், வீட்டார் அதனை வயதின் இயல்பென்றே கொள்வர். நடமாட்டத்தைக் குறைத்துப் படுத்திருக்குமாறு அவருக்கு அறிவுரை கூறப்படும். அன்பினால் கூறப்படும் இவ்வறிவுரையே பல வேளைகளில் அவரைப் படுக்கையில் நிலைக்கச் செய்துவிடுகிறது. உழைக்காத தசை மேலும் மெலிகின்றது. மெலிந்த தசை உழைக்க மறுக்கின்றது.

தசையிழைகளுள் சில மெல்லச் சுருங்கி நெடுநேரம் உழைப்பவை. வேறு சில விரைந்து சுருங்கி மிகுந்த விசை தருபவை. முதுமையில் பெரிதும் மெலிபவை பின்னவையே. இருக்கையினின்று எழும்போதும், தடுக்கி விழப்போகும் கணத்தில் காலை முன்வைக்கும்போதும் இவற்றின் விசையே பெரிதும் வேண்டப்படுகின்றது. இத்தேய்வுக்குச் ‘சார்கோபீனியா’ என்னும் பெயரை 1989இல் ரோசன்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞர் முன்மொழிந்தார்.

தளர்ந்த முதியோர் பளு தூக்கலாகாது என்ற கருத்தை அசைத்தது பாஸ்டன் நகரில் நடத்தப்பட்டு 1990இல் வெளியான ஓர் ஆராய்ச்சி. முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, ஏறத்தாழ 90 வயதினரான 10 பேர் இதில் சேர்ந்தனர். ஒருவர் இடையில் விலகினார். முழங்காலை நீட்டிப் பளுவை உயர்த்துவதே பயிற்சி. ஒரே முறை உயர்த்தக்கூடிய பெரும் பளுவில் 80 சதவீதம் வரை படிப்படியாகக் கூட்டப்பட்டது. வாரம் 3 நாட்களாக 8 வாரங்கள் பயின்றதில் கால் வலிமை சராசரி 174 சதவீதம் மிகுந்தது. இருவர் கைத்தடியை விட்டனர். ஆனால் பயிற்சியை நிறுத்திய 4 வாரங்களில் வலிமை 32 சதவீதம் குன்றியது.

அதே குழுவினர் 1994இல் 100 பேரைக் கொண்டு இதனை விரிவாக ஆராய்ந்தனர். பயிற்சி பெற்றோரின் வலிமையும் நடை வேகமும் மிகுந்தன. பயிற்சியின்றிச் சத்துணவு மட்டும் பெற்றோருக்கு அத்தகைய பயன் கிட்டவில்லை. உணவு வேண்டாவென்பது இதன் பொருளன்று. பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதம் தசை வளர இன்றியமையாதது. எனினும் உழைப்பின் தூண்டுதலின்றி அது பெரிதும் பயன்படுவதில்லை.

களப்பணியாளர் செய்யக்கூடிய சோதனை எளியது. கைகளை மார்பில் கட்டியவாறு நாற்காலியினின்று 5 முறை எழுந்து அமரச் செய்து நேரத்தைக் கணிக்க வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆகுமாயின் ஐயத்திற்கு இடமுண்டு என்பது ஆசிய நாட்டு வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவு. விழக்கூடுமாதலால் அருகிலேயே நிற்பது அவசியம்.

பயிற்சிக்கும் விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. சுவரையொட்டிய உறுதியான நாற்காலியில் எழுந்து அமர்தலும், கணுக்காலில் சிறு மணற்பை கட்டிக் காலை நீட்டுதலும் போதும். மூச்சை அடக்கலாகாது. எளிதாகிவிட்ட பளுவைச் சிறிது கூட்ட வேண்டும். பெரும்பாலோர் தவறுமிடம் இதுவே. நடைப்பயிற்சி உடலுக்கு நன்றாயினும் இந்த வலிமையை அது மட்டும் தாராது. இதயநோயோ அடங்காத இரத்த அழுத்தமோ உடையவர் முன்னரே மருத்துவரைக் கேட்டல் வேண்டும். பயிற்சியின்போது மார்புவலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.